நாளைக்கு ஈஸ்டர், இன்றைக்குக் கிரானைட்

கருமத்தம்பட்டி தாண்டியதும் பஸ் பஞ்சர். சக்கரம் மாற்றும் வரை நிழல் தேடி, சாலையோரக் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் ஒதுங்குகிறேன். விசைத்தறிச் சத்தம் இங்கேயும் விடுவதாயில்லை.

நாளைக்கு ஈஸ்டர். இரண்டு கொத்தனார்கள் ஒரு கல்லறைமேல் கிரானைட் பலகையைப் பொருத்துகிறார்கள். ‘உயிர்ப்பின் நம்பிக்கையில் துயில்கிறார்’ என்று அதில் வெட்டியிருக்கிறது. துயில்பவரின் மனைவி பக்கத்தில் நின்று, விளிம்பில் இன்னும் கொஞ்சம் சிமெண்ட் அப்பச் சொல்கிறார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “நாளைக்குக் கல்லறை திறக்கிற நாள். நீங்க இவ்வளவு இறுக்கமா மூடறீங்களே?”

“நாய் வந்து தோண்டிப்போடுதுங்க சார். மூடாம எப்படிங்க உடறது?”

பக்கத்தில், நாலு மூலைக்கும் செங்கல் நட்ட ஓரிடம் காலியாகக் கிடக்கிறது. யாருக்கு என்று கேட்கிறேன்.

“எனக்குங்க. ஃபாதர்கிட்டச் சண்டை கட்டி வாங்கி வெச்சிருக்கறேன். கடைசி நாள்ல எக்காளம் ஊதுனா எல்லாரும் எந்திரிச்சுப்போடுவாங்க. இவரு எந்திரிக்க மாட்டாருங்க. முப்பது வருசம் தறிச் சத்தத்துலயே தூங்குன மனுசன். தெனமும் நாந்தான் உலுக்கி எழுப்போணும். அன்னைக்கும் நான் பக்கத்துல இருக்கோணுமில்லீங்களா?”

சிரிக்கலாமா என்று அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

சாலையிலிருந்து எங்கள் டிரைவர் காது கிழிய ஹாரன் அடிக்கிறார். நான் திடுக்கிட்டுத் திரும்புகிறேன். அந்த அம்மா முதலில் கிரானைட்டைப் பார்க்கிறார், பிறகு என்னை.

“பாத்தீங்களா?”