காக்கா கேட்காத பாதி

எங்கள் காக்காவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, இங்கிலீஷ் வராது. பத்தாம் பதினோராம் வகுப்பில் அவரைக் கவிழ்த்த பாடமே அதுதான். ஆனால் அமெரிக்காவின் கறுப்பு இளைஞர்கள் பாடிய பழைய ராப் பாட்டுகளை வரி பிசகாமல் சொல்வார்.

மருதமுனையில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. முன்னறையில், வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த இரட்டைக் கெசட் ரேடியோ இருந்தது. கெசட்டுகளைக் கொண்டுவருபவர் காக்காவின் காரைதீவுக் கூட்டாளி. அவருடைய மாமா லண்டனிலிருந்து அனுப்புவார். சைக்கிள் ஹேண்டிலில் ஒரு சொப்பிங் பையைக் கொழுவிக்கொண்டு வருவார் கூட்டாளி. எங்கள் தெருப் பொடியன்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொள்வார்கள். ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் பதிவாகும். நான்கு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு இருப்பார்கள்.

என்னோடு ஐந்து பேர். ஆனால் என்னை யாரும் எண்ணவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். கை தானாகவே அந்தத் தாளத்துக்குப் போகும். சொற்கள் ஒன்றும் விளங்காமலே மனதில் ஒட்டிக்கொண்டன.

"சத்தத்தக் குறைடா, பாங்கு சொல்லப் போகுது" என்று உம்மா தினமும் கத்துவார்.

ஒருநாள் காக்காவிடம் கேட்டேன்: "என்னதான் சொல்றாங்க இவங்க?"

"முழுக்க விளங்கல்ல. ரோட்டுல மறிச்சு, செக் பண்ணி, சுவரோட நிப்பாட்டுறாங்களாம். அதான் கோவம்."

கூட்டாளி சிரித்தார். "அத எனக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவல்ல தங்கச்சி. இங்க வரக்குள்ளயும் ரெண்டு இடத்துல ஆமிக்காரங்க சைக்கிள விட்டு இறக்கினவங்க."

எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவர்களுடைய தமிழ் ஊருக்கும் இடையில் பிரச்சினை வந்தால் அவருடைய சைக்கிள் வராது. சில சமயம் மாதக் கணக்காகும். பிறகு ஒரு பின்னேரம் புதுக் கெசட்டோடு வந்து நிற்பார். நடந்ததைப் பற்றி ஒருவரும் கதைக்கமாட்டார்கள். கெசட்டைப் போடுவார்கள்.

சுனாமியாகக் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை உம்மாவும் நானும் கடலுக்குத் தொலைவான சம்மாந்துறையில், உம்மாவின் தங்கையான சாச்சி வீட்டில் இருந்தோம். கல்யாண வேலைக்காக முதல் நாளே போய்விட்டோம். பகல் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார் காக்கா. காலையிலேயே ஆட்கள் ஓடிவரத் தொடங்கினார்கள். ஈர உடுப்போடு வந்தவர்களிடமெல்லாம் உம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

மறுநாள் காக்காவின் மையித்துக் கிடைத்தது. வாப்பா சவூதியிலிருந்து வந்து சேரும்போது அடக்கி மூன்று நாளாகியிருந்தது. வீடு இருந்த இடத்தில் தரையும் குசினிச் சுவரில் ஒரு துண்டும்தான் மிஞ்சியிருந்தன.

காரைதீவுக் கூட்டாளி நடந்து வந்தார். அவருடைய அம்மாவையும் கடல் கொண்டுபோயிருந்தது. அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். உம்மா அவருடைய கையைப் பிடித்தார். "நீயாவது இரிக்கிறயே மகன்" என்றார்.

பிறகு ஆமிக்கும் புலிகளுக்கும் இடையில் யுத்தம் மறுபடியும் மூண்டது. இளம் பொடியன்கள் காணாமல் போகத் தொடங்கினார்கள். கூட்டாளியின் அப்பா கடன்பட்டு அவரை லண்டனுக்கு, மாமாவிடம் அனுப்பிவிட்டார்.

யுத்தம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு வந்தார். எங்களுக்கு அப்போது கடலை விட்டுத் தள்ளி, வீட்டுத் திட்டத்தில் ஒரு வீடு கிடைத்திருந்தது. தெருக் கூட்டாளிகள் இருவரும் வந்தார்கள். ஒருவர் ஓட்டோ ஓடுகிறார். மற்றவருக்குக் கல்முனையில் போன் கடை. இப்போதைய பாட்டுகளில் சரக்கில்லை என்று மூன்று பேரும் சண்டை பிடிப்பதுபோல் கதைத்தார்கள். பிறகு லண்டன்காரர் தன் போனில் காக்காவுக்கு ஆகப் பிடித்த பாட்டைப் போட்டார்.

நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றேன். மூவரும் பாட்டோடு சேர்ந்து வரிகளைச் சொன்னார்கள். ஓரிடத்தில் மூவரும் ஒன்றாக நிறுத்தினார்கள். எங்கள் கெசட் அந்த இடத்தில்தான் முடியும். லண்டன் மாமா பதிந்து அனுப்பியதே அவ்வளவுதான். அதற்கு மேல் பாட்டு இருக்கிறதென்று எங்களுக்குத் தெரியாது.

போனில் அந்த மனிதர் நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனார்.

"இது அவன் கேக்கல்ல மச்சான்" என்றார் லண்டன்காரர்.

புது வரிகள் முடிந்து பழைய பல்லவி திரும்பி வந்தது. என்னை அறியாமல் நான் அதைச் சொன்னேன். மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தங்கச்சி, உனக்கு இது தெரியுமா?"

"ஓம்."

"எவ்வளவு தெரியும்?"

"கெசட்டுல இருந்ததெல்லாம்."

போன் கடைக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நேரம் உள்ளே தொழுது முடித்துவிட்டு உம்மா வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நிப்பாட்டுங்க மகன். எனக்கு ஏலா."

லண்டன்காரர் உடனே நிறுத்தினார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்கள். மூன்றாம் நாள் அவர் லண்டனுக்குப் பயணமானார்.

இரண்டு கிழமை கழிந்திருக்கும். மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா திடீரென்று கேட்டார்: "அந்தப் புள்ள திரும்ப வருவானா?"

"வாற வருஷம் வாறன் எண்டவர்."

"வந்தா அதப் போடச் சொல்லு. மெல்லமாப் போட்டாக் கேக்குறன்."

நான் போன் கடைக்குப் போய் அந்தப் பாட்டை என் போனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். "இப்பவே போடட்டா உம்மா?" என்று கேட்டேன்.

"வேணா. அவனும் இரிக்கட்டும்" என்றார்.

கூட்டாளி அடுத்த வருடம் வரவில்லை. தன் அப்பாவையும் அங்கே எடுத்துக்கொண்டார். காரைதீவு வீடு பூட்டிக்கிடந்தது. அதற்கடுத்த நோன்பில் உம்மா மௌத்தானார். மரணச் செய்தி கேட்டு லண்டனிலிருந்து போன் எடுத்தார் கூட்டாளி. உம்மா அவருக்காகக் காத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் அழத் தொடங்கியிருந்தார். சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.