சுண்டை வேரில் நின்ற கத்திரி

விராலிமலைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் இருக்கிற எங்கள் அப்பாவின் நிலத்தில் பாதி எனக்கு, பாதி அண்ணனுக்கு. முழுசாகக் கிடைத்தால்தான் பிளாட் போடுவேன் என்று ஓர் ஆள் அண்ணனைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். என் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நடக்காது. போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஏம்மா, போன வருசம் வச்ச கத்திரி பூராம் வாடிச் செத்துச்சு. அந்த மண்ணக் கட்டிக்கிட்டு என்ன செய்யப் போற?" என்றார் அண்ணன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. வாடிய தண்டை வெட்டித் தண்ணீர் டம்ளரில் பிடித்தபோது வெட்டிலிருந்து பால் போல ஒரு கசிவு நூல் நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல். மண்ணிலேயே குடியிருக்கும், மருந்தடித்தாலும் போகாது. அதற்காக விற்றுவிடுவதா? காலேஜில் தாவர நோயியல் படித்தவள் நான். சுண்டைக்காய்ச் செடியின் வேர்மேல் கத்திரியை ஒட்டுக்கட்டிய நாற்றுகளை வாங்கி நட்டேன்.

"இதும் வாடுச்சுன்னா கையெழுத்துப் போடணும்" என்றார் அண்ணன்.

"வாடட்டும், போடுறேன்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

செடிக்கு ஓடத் தெரியாது, நோய் வந்தால் சும்மா நின்று சாகும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேரின் செல்கள் தங்கள் மேற்பரப்பில் புரதங்களைக் காவலுக்கு நிறுத்தியிருக்கின்றன. பாக்டீரியாவின் உடம்புத் துணுக்கு ஒன்று அதில் பட்டால் போதும், உள்ளே சேதி போய்விடும். செல்சுவர் தடிக்கும், பாக்டீரியாவைப் பொசுக்கும் மூலக்கூறுகள் பீறிடும். பாக்டீரியாவும் லேசுப்பட்டதில்லை. ஊசி போன்ற குழாயால் தன் புரதங்களைச் செல்லுக்குள் ஏற்றி அந்தச் சேதியை அமுக்கப் பார்க்கும். தாக்குப்பிடிக்கிற செடியில் அந்தக் களவையும் கண்டுபிடிக்க வேறு புரதங்கள் உண்டு. கண்டதும், நோய் தொற்றிய செல் தானே செத்து அடுத்த செல்லைக் காப்பாற்றும். எங்கள் கத்திரி இந்தச் சண்டையில் தோற்றுவிடும். சுண்டை லேசில் தோற்காது.

செடி பூவெடுத்த சமயம் மகளின் பிரசவத்துக்குத் திருச்சி போக வேண்டியதாயிற்று. தண்ணீர் பாய்ச்சச் சொல்லி அண்ணனிடம் விட்டுப்போனேன். திரும்பி வந்தால், கிணற்றோரத்து வரிசைகள் தலை தொங்கிக் கிடக்கின்றன.

"படுத்துருச்சு ஆத்தா. நானும் என்னென்னமோ பாத்தேன். மண்ணுகூட அணைச்சு விட்டேன்" என்றார் அண்ணன்.

"மண்ணு அணைச்சீங்களா?"

"கத்திரிக்கு அணைக்காம? அங்கிட்டு இருக்கற வரிசைக்கு அணைக்கத்தான் இன்னும் ஆளு வரல."

கத்திரியின் தூரில் மண்ணைக் கூட்டி அணைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தங்கச்சி தோட்டமாயிற்றே என்று பாசத்தில் செய்திருக்கிறார். பாசம்! ஒரு செடியைப் பிடுங்கி அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். ஒட்டுப்போட்ட இடம் மண்ணுக்குள் புதைந்து, அதற்கு மேலே கத்திரி தன் சொந்த வேரை விட்டிருந்தது. அந்த வேர் பழுப்பாக அழுகியிருந்தது. ஒட்டுக்குக் கீழே சுண்டை வேர் வெள்ளையாக, உயிரோடு இருந்தது.

"பாருங்கண்ணே. சுண்டை உள்ள விடல. நீங்க மேல மண்ணப் போட்டு வேற வாசலத் தொறந்து விட்டுட்டீங்க. அணைக்காத வரிசை எதாச்சும் வாடியிருக்கா? காட்டுங்க!"

அவர் பார்த்தார். ஒன்றுகூட வாடியிருக்கவில்லை.

நான் மண் அணைத்தும் இன்னும் வாடாமல் மிச்சமிருந்த செடிகளின் தூரில் மண்ணை விலக்கி, ஒட்டுக்கு மேலே விட்டிருந்த வேர்களைக் கிள்ளத் தொடங்கினேன். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வரிசையில் குனிந்தார்.

"மம்பட்டி வேணாம், கையால எடுங்க. ஒட்டுல பட்டுச்சு, அப்பறம் இருக்கு" என்று அதட்டினேன். கையாலேயே எடுத்தார்.

வரிசை முடிகிற இடத்தில் நிமிர்ந்து, "அந்த பிளாட்டு போடுற ஆளு நாளைக்கு வாரேன்னாரு. என்னம்மா சொல்ல?" என்றார்.

"கத்திரிக்கா வேணும்னா காய்ச்ச பெறகு பையோட வரச் சொல்லுங்க. எடத்துக்குன்னா வர வேணாம்."