தூங்காத லேப்டாப்புக்கு ஒரு சார்ட்

செய்யாத தப்பை ஒத்துக்கொள்ளச் சொன்னால் நர்ஸம்மாவிடம் நடக்காது. தலைகீழாக நின்றாலும் நடக்காது. இருபத்தாறு வருஷம் வார்டில் வேலை பார்த்தவர். இப்போது வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களின் புண்ணுக்குக் கட்டு மாற்றி, அளவெடுத்து, ஆஸ்பத்திரி கொடுத்த லேப்டாப்பில் பதிகிறார். அந்த வேலை அவருக்கு உயிர்.

அந்த லேப்டாப்தான் தூங்க மறுத்தது. மூடிப் பையில் வைத்தால் உள்ளேயே முழித்துக்கொள்ளும். மூன்றாவது வீட்டை எட்டுவதற்குள் பை அடுப்பாய்ச் சுடும், சார்ஜ் செத்துப்போயிருக்கும். பதிவுகள் மறுநாள்தான் ஏறின.

கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் பார்த்தார். பார்த்தார் என்றால் எட்டிப் பார்த்தார். "நீங்க சரியா மூடறதில்லைம்மா."

"எத்தனை பேர் கண்ணை மூடிவிட்ட கை இது! ஒரு லேப்டாப்பை மூடத் தெரியாதா எனக்கு?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்த ஆள் நேரே கண்காணிப்பாளரிடம் போய் இப்படிச் சொல்ல, ஒரு கடிதம் வந்தது. 'என் கவனக்குறைவால் பதிவுகள் தாமதமாயின.' வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் வீட்டுச் சுற்று வேறொருத்திக்குப் போகும், இவர் ஸ்டோர் ரூமில் பஞ்சு எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நர்ஸம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தூங்காத நோயாளியைத் திட்டி என்ன பயன்? யார் எழுப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் சார்ட் ஒன்றைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, லேப்டாப்பை எதிரே படுக்கவைத்தார். முழிக்கும்போதெல்லாம் ஒரு புள்ளி. மவுஸைப் பிடுங்கினார்; முழித்தது. மூடியைத் திறந்தே வைத்தார், அப்போதும் முழித்தது.

"பேசாம ஒரு ஊசி போட்டுடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"போடுவேன். யாருக்குன்னு தெரியட்டும்."

சாயங்காலம் சார்ட்டைப் பார்த்தால், சரியாக நாற்பது நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. எந்தக் காய்ச்சலும் இப்படி நேரம் தவறாமல் வராது. இது யாரோ வைத்த அலாரம். கடைசியாக எழுப்பியது யார் என்று லேப்டாப்பையே கேட்கும் கட்டளை ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்து அடித்தார். பதில் வந்தது: கம்ப்யூட்டர் பிரிவு. எல்லா லேப்டாப்பும் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அவர்களே வைத்த ஏற்பாடு. நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். வீட்டில் நெட் இருந்ததால் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டது. தெருவில் நெட் ஏது? பைக்குள் கிடந்து, சாகும்வரை கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை சார்ட்டையும், லேப்டாப் சொன்ன பதிலையும் கண்காணிப்பாளர் மேஜையில் விரித்தார். கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "அது... பாதுகாப்புக்காக வச்சது சார்."

கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, அதை எடுத்துடச் சொல்றேன். கடிதம் வரும்னு மேலே சொல்லிட்டேன். ஒரு பேச்சுக்குக் கையெழுத்துப் போட்டுடுங்க. உங்க சுற்று உங்களுக்கேதான்."

"ஒரு பேச்சுக்குன்னாலும் என் பேர்ல பொய் வேண்டாம் சார்."

பேனாவை எடுத்து, 'என் கவனக்குறைவால்' என்பதை அடித்தார். மேலே 'கம்ப்யூட்டர் பிரிவின் ஏற்பாட்டால்' என்று குண்டு குண்டாக எழுதினார். பிறகு கடிதத்தைக் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர் பக்கம் தள்ளினார்.

"இப்ப சரியா இருக்கு. போடுங்க. எனக்குப் பத்தரைக்கு முதல் வீடு."