மாமா ஒம்போது

படிப்பில்லாதவர்களுக்குத்தான் இந்த வெறுப்பு வரும் என்று பதுளையில் ஒரு கருத்தரங்கில் ஒருவர் பேசினார். தேயிலைத் தோட்டத்து ஆட்களைச் சொல்லாமல் சொன்னார். ஆணை விரும்பும் ஆணை வெறுக்கிறவன், உள்ளுக்குள் தானும் அப்படித்தான் இருப்பான் என்றார் இன்னொருவர். இரண்டு பேருக்கும் கைதட்டினார்கள். எனக்குக் கை வரவில்லை. எட்டு வயதில் நான் என் மாமாவைப் பாடாய்ப் படுத்தினேனே, அப்போது அவர் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. உயிரையே வைத்திருந்தேன்.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. இப்போது கொழும்பில், தான் விரும்பிய மனிதரோடு குடும்பமாக இருக்கிறார். தெமோதரைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மன்மதனின் மனைவி ரதியாக ஆறு வருடம் மாமாதான் சேலை கட்டி ஆடினார். வேஷம் கட்டிவிட்டால் அவர் சாமி. கங்காணி முதல் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரை காலில் விழுந்து திருநீறு வாங்குவார்கள். ஆம்பிளை சேலை கட்டுகிறானே என்று ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அந்த வருடம்தான் லயத்து வரிசையில் எங்கள் வீட்டுக்கு டிஷ் வந்தது. வேலை விட்டதும் அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காமெடி பார்ப்பார்கள். நெளிந்து நடக்கும் ஒருவன் வருவான், இன்னொருவன் அவனை 'ஒன்பது' என்பான், கன்னத்தில் ஓர் அறை விழும், வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். மாமா எழுந்து தண்ணீர் குடிக்கப் போவார். அவருக்குத் தாகம் அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

கூத்தன்று பின்னேரம் காமன் பொட்டலில் தப்புப் பறைகளை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ரதியைக் காணோம். கூத்து வாத்தியார் என்னைப் பிடித்தார்.

"ஏ புள்ள, ஒங்க மாமா எங்க?"

மாமா ஒன்பதாம் நம்பர் மலையில் இருந்த பீலிக்குக் குளிக்கப் போயிருந்தார். எங்கள் தோட்டத்தில் தேயிலை மலைகளுக்கு நம்பர்தான் பெயர். இன்றைக்கு எங்கே வேலை என்று கேட்டால் ஏழு என்பார்கள், பன்னிரண்டு என்பார்கள், அவ்வளவுதான். நானும் அப்படியே சொன்னேன்.

"மாமா ஒம்போதுங்க."

பொட்டலே சிரித்தது. வாத்தியார்கூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். என் பேச்சுக்கு இத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஈரத்தலையோடு மாமா வந்து நின்றார். முதல் தடவை விவரம் தெரியாமல் சொன்னேன். இரண்டாம் தடவை சிரிப்பு வரும் என்று தெரிந்தே சொன்னேன். அவரைக் கைகாட்டி, டிவியில் பார்த்தபடியே இடுப்பை நெளித்து, "மாமா ஒம்போது!" என்று கத்தினேன்.

சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நா வேஷம் கட்டல," என்று சொல்லிவிட்டு மாமா வீட்டுக்குப் போய் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டார்.

காமன் கம்பம் ஊன்றியாயிற்று, விரதம் இருந்தாயிற்று. ரதி இல்லாமல் கூத்து நின்றால் தோட்டத்துக்கே ஆகாது. சிரித்தவர்களே பயந்துபோய் எங்கள் வாசலில் நின்றார்கள். "டிவி காமெடிய போயி மனசுல வச்சுக்கலாமா தம்பி? நீங்க சாமி," என்று வாத்தியார் கெஞ்சினார். அப்பா என் கையைப் பிடித்து உள்ளே தள்ளினார்.

"நீதான சொன்ன, நீயே கூட்டியா."

மாமா தலையைக்கூடத் துவட்டியிருக்கவில்லை.

"அப்டின்னா என்னன்னு தெரிஞ்சா சொன்ன?"

"இல்ல மாமா. எல்லாரும் சிரிச்சாங்க, அதான்."

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். "அவங்களும் அதுக்குத்தான் சிரிக்கிறாங்க," என்றார். பிறகு எழுந்து சேலையை எடுத்தார்.

அன்று ரதி ஆடினாள். சிரித்த அத்தனை பேரும் வரிசையாகக் காலில் விழுந்தார்கள். காமன் எரிந்ததும் ரதி மண்ணில் புரண்டு அழுதாள், தப்படி நின்ற பிறகும் அழுதாள். இத்தனை வருடத்தில் இப்படி ஓர் அழுகையைக் கண்டதில்லை, அசல் ரதியேதான் என்று தோட்டமே மெச்சியது. அது எங்க மாமா என்று நான் பக்கத்துப் பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.