அணுக்களுக்கு மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி

அணுக்களை லேசரால் குளிரவைத்து, குழாய்க்குள் விழவிட்டு, அவை விழுகிற விதத்தைக் கொண்டு புவியீர்ப்பை அளக்கும் கருவி எங்களுடையது. ஒரு சின்ன பீரோ அளவுதான். புனேயில், வானவடிப் பகுதியில் ஒரு குடியிருப்பின் அடித்தளத்தை வாடகைக்கு எடுத்து அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். வாங்குகிறவர்களின் பரிசோதகர் வெள்ளிக்கிழமை வரும்போது, இரண்டு மணி நேரம் கருவி காட்டும் எண் ஆடாமல் நிற்க வேண்டும். நின்றால் என் வேலை நிரந்தரம். ஆடினால் மூட்டையைக் கட்டிக்கொள் என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரமாகக் காலைதோறும் எண் ஆடியது. லேசரைத் திட்டினேன், தரையைத் திட்டினேன். கடைசியில்தான் புத்தி வந்தது. எங்கள் கூரைக்கு நேர் மேலே குடியிருப்புச் சொசைட்டியின் தண்ணீர்த் தொட்டி. அது நிறைந்தால் தண்ணீர் அணுக்களை மேலே இழுக்கும், எண் இறங்கும். ஜனங்கள் குளித்துத் தீர்த்தால் ஏறும்.

வெள்ளிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை குழாயைத் திறக்காதீர்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சினேன். இரண்டாம் மாடியில் ஒரு தமிழ் அக்கா, ராணுவத்தில் இருப்பவரின் மனைவி. அவர்தான் உதவிக்கு வந்தார்.

“நீ பூமிய அளக்குறதுக்கு நாங்க குளிக்கக் கூடாதா? இதெல்லாம் சொன்னா யாருக்குப்பா புரியும்? பானி பந்த்னு சொல்லிடுறேன், விடு.”

நன்றாகவே புரிந்தது. தண்ணீர் வராது என்று கேட்ட எந்தப் புனே குடும்பமும் செய்வதைத்தான் செய்தார்கள். விடிந்ததும் டிரம், வாளி, குக்கர் வரை நிரப்பித் தொட்டியைத் துடைத்துவிட்டார்கள். காலித் தொட்டியும் எனக்குச் சம்மதம்தான், மாறாமல் இருந்தால் போதும். ஆனால் பொறுப்பான சொசைட்டி செக்ரெட்டரி டேங்கர் லாரிக்குப் போன் போட்டுவிட்டார். பத்தரைக்கு, டேங்கர் தொட்டியை நிரப்ப நிரப்ப, பரிசோதகரின் கண்ணெதிரே எண் மளமளவென்று இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னேன். பரிசோதகர் நம்பாமல் மேலே போய், எத்தனை லிட்டர் என்று டிரைவரைக் கேட்டார். பத்தாயிரம் என்றார் டிரைவர். எண்ணோ எட்டாயிரம் லிட்டருக்கு உரிய அளவுதான் இறங்கியிருந்தது.

“ஒன்று டேங்கர் பொய், இல்லாவிட்டால் உங்கள் கருவி பொய்” என்றார் பரிசோதகர் இந்தியில்.

செக்ரெட்டரி ஒரு மூங்கில் கம்பைக் கொண்டுவந்தார். தொட்டியை அளக்க, ஆயிரம் லிட்டருக்கு ஒரு கோடு போட்ட கம்பு. அது தொட்டிக்குள் இறங்கியபோது, முன்பின் தெரியாத அந்த டிரைவர் திருடனாக இருக்க வேண்டும் என்று எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டேன்.

ஈரம் எட்டாவது கோட்டில் நின்றிருந்தது.

செக்ரெட்டரி டிரைவரைப் பிடித்துக்கொண்டார். பரிசோதகர் என்னைத் தனியே அழைத்துப்போய்ப் படிவத்தைப் பிரித்தார். எந்தக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு “மூங்கில் கம்பு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.