க்ரீம் சீட்டில் நான் உட்கார்ந்த இடம்

என் தம்பி வாங்கிய பழைய காரில் முதன்முதலாக உட்கார்ந்தவள் நான்தான். அதை யாரும் மறுக்க முடியாது. நான் உட்கார்ந்த இடத்தில் என் பின்புறம் அப்படியே சிவப்பாகப் பதிந்துவிட்டது. அளவெடுத்து வரைந்திருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்காது.

நடந்தது ஆடிக் கடைசி ஞாயிறு. அதற்கு முந்தைய ஐப்பசியில் தம்பி போன படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. காலி டீசல் கேன் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாதி நாள் மிதந்தவனை வேறு படகுக்காரர்கள் தூக்கிவந்தார்கள். அவன் கரை சேரும்வரை நான் அம்மனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். சிவப்புக் கோடிப் புடவை, ஏழு குடம் மஞ்சள் தண்ணீர் என்று கடைசியில் படிந்தது. எங்கள் குப்பத்தில் வேண்டுதல் புடவையைக் கடையிலிருந்து வந்தபடியே கட்ட வேண்டும். ஒருமுறை அலசிவிட்டாலும் அது பழசு, அம்மனுக்கு ஆகாது. ஆகவே கடைக்காரன் தோய்த்த சாயம் முழுவதும் என் மேல்தான் இருந்தது.

ஏழு குடமும் தலையில் ஊற்றி முடித்து, சொட்டச் சொட்ட நிற்கிறேன். தம்பி கோயில் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். கடலை விட்டுவிட்டு, தன் வலைகளை விற்று வாங்கிய கார். ஆடியில் யாரும் வண்டி எடுக்கமாட்டார்கள் என்பதால் மலிவாகக் கிடைத்தது. உள்ளே க்ரீம் கலரில் தோல் சீட். நான் நடந்தே வருகிறேன் என்றேன். அவன் கேட்கவில்லை. தனக்காகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டவள் ஏறாமல் வேறு எவள் ஏறுவது என்று பின்கதவைத் திறந்துவிட்டான். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். பாலம் வரை போய், வெயிலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, வீட்டு வாசலில் மகாராணி மாதிரி இறங்கினேன். சீட்டைத் திரும்பிப் பார்த்தவன் முகம் தொங்கிவிட்டது.

அந்தப் புதன்கிழமை ஆவணியின் முதல் முகூர்த்தம். காட்டூரிலிருந்து கல்யாணப் பெண்ணைப் பழவேற்காட்டு மண்டபத்துக்கு அழைத்துவருவதுதான் தம்பிக்குக் கிடைத்த முதல் சவாரி. பெண்ணின் அப்பா நேரில் வந்து, சீட்டைத் தடவிப் பார்த்து, அந்த க்ரீம் கலருக்காகவே சரி என்று சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் தெருவே எங்கள் வாசலில் நின்று வைத்தியம் சொன்னது. எலுமிச்சம்பழம், டூத்பேஸ்ட், ஷாம்பு, துணி சோப்பு என்று எல்லாம் போட்டுப் பார்த்தோம். மஞ்சள் கொஞ்சம் போனது. சிவப்பு அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கறையைப் பார்க்கிற சாக்கில் என் சுற்றளவைப் பார்த்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மாலை என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். அவர் கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். கையில் ரெசின் ஒட்டினாலும் பெயின்ட் ஒட்டினாலும் அசிட்டோனை ஊற்றித் துடைப்பார். உலகத்தில் எந்தக் கறைக்கும் அவரிடம் அந்த ஒரே பதில்தான். படகையே துடைக்கிறவனுக்கு இந்தப் பிசாத்து சீட்டு எம்மாத்திரம் என்று துணியை நனைத்துத் தேய்த்தார். சிவப்பு போனது, அது உண்மை. நாங்கள் வாயைப் பிளந்தோம். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை, இன்னும் நாலு தேய் தேய்த்தார். அதற்குள் க்ரீம் கலர், பளபளப்பு எல்லாம் துணிக்கு வந்துவிட்டன. சீட்டில் ஒரு முறம் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று வெறும் தோல் தெரிந்தது. முன்பு என் அளவுக்கு இருந்த கறை இப்போது என்னைவிடப் பெரிதாகிவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சின்ன ஆறுதல்.

வீட்டுக்காரர் டப்பாவை எடுத்துக்கொண்டு நழுவினார். தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பக்கத்தில் வந்து, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"இது போச்சுனா நான் மறுபடியும் படகு ஏறணும்கா. என்னால முடியாது. தண்ணியப் பாத்தாலே கை நடுங்குது."

கடலில் மீன் இல்லை, கார்தான் லாபம் என்றுதான் குப்பம் முழுக்கச் சொல்லியிருந்தான். நானும் அதை நம்பினேன். கடலைப் பார்த்தால் பயம் என்று எங்கள் ஜாதியில் ஓர் ஆண்பிள்ளை எங்கே போய்ச் சொல்வான்? என் மேல் கோபம் வந்தது. ஆளைக் கரை சேர்த்தவளுக்கு ஒரு சீட்டைக் காப்பாற்றத் துப்பில்லையா என்று அம்மன் மேலும் கொஞ்சம் வந்தது.

துண்டு விரிக்கலாம் என்றான். கல்யாண வீட்டில் எவளாவது ஒருத்தி முதல் வேலையாக அந்தத் துண்டைத்தான் தூக்கிப் பார்ப்பாள் என்றேன். அழுதுகொண்டே யோசித்ததில், அதை மறைக்கிற அளவில் குப்பத்தில் ஒரே ஒரு பொருள்தான் இருக்கிறது என்று புரிந்தது. கொஞ்சம் பரப்பி உட்கார்ந்தால் போதும்.

மறுநாள் காலை, நூறு தடவை துவைத்து வெளுத்த நூல் புடவையைக் கட்டிக்கொண்டு காட்டூர் போனேன். பெண் வருவதற்கு முன்பே பின்சீட்டில் இடத்தைப் பிடித்துவிட்டேன். முன்சீட்டில் ஏற வந்த பெண்ணின் அத்தை, இந்தம்மா யார் என்று கேட்டாள். புது வண்டியில் பெண் ஏறினால் ஓட்டுகிறவனின் அக்கா கூட இருக்க வேண்டும், எங்கள் குப்பத்துச் சாஸ்திரம் என்று தம்பி கூசாமல் சொன்னான். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கேயும் கிடையாது. ஆனால் அத்தை தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள்.

வழியெல்லாம் அந்தப் பெண் சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தாள். என் கையை விடவே இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. வேறு என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், நான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அது எப்படி வந்தது என்று அவள் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலில் முழித்தாள். பிறகு மை கலைகிற அளவுக்குச் சிரித்தாள். அத்தை திரும்பி முறைத்தாள். கண்ணாடியில் தம்பியின் கண் என்னைக் கொன்றது.

மண்டபத்தில் எல்லோரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. முழங்கால் வலி என்றேன். பெண்ணின் அப்பா ஜன்னல் பக்கம் குனிந்தபோது நான் புடவையை இன்னும் கொஞ்சம் பரப்பிக்கொண்டேன். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஞாயித்துக்கிழம மறுவூட்டுக்கும் இந்த வண்டியே சொல்லிடு நைனா. இந்த அக்காவும் வரணும்."

அவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

திரும்பும்போது வண்டியில் நாங்கள் இருவர் மட்டும். சாலைக்கு இரண்டு பக்கமும் ஏரி, வெயிலில் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. நான் அவன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்டியரிங்கில் அவை ஆடாமல் இருந்தன. ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

வீட்டு வாசலில் இறங்கினேன். அவன் சீட்டைத் திரும்பிப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழம காலீல ரெடியா இரு," என்றான். "இதே பொடவையக் கட்டிக்கினு வா."