நைனாவின் கரி பஸ்

தெருமுனை இஸ்திரி வண்டியில் கரி கனலும் வாசனை எட்டினால் போதும், யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரிவாயுவில் ஓடுவதற்காக முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் இருமியபடியே ஓடிய என் நைனாவின் பழைய பஸ்ஸில் நான் ஏறிவிடுவேன். மேடு வந்தால் அதற்குத் திராணி இருக்காது. சேலை மூட்டைகளை உள்ளேயே விட்டுவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். யுத்தம் முடிந்து, அடுப்பைக் கழற்றி, பெட்ரோல் ஊற்றிய முதல் நாளும் மேட்டடியில் வேகம் குறைந்ததும் பழக்கதோஷத்தில் அத்தனை பேரும் குதித்துவிட, அவர்கள் கை வைக்குமுன் பஸ் தானே உச்சிக்கு ஏறிவிட்டது.

மூச்சிரைக்க ஓடிவந்த தறிக்காரர் ஒருவர் நைனாவைப் பிடித்துக்கொண்டார்: "இன்னாங்க, இத்தினி வருசமா தள்ளிகினு வந்தோம், எங்கள உட்டுட்டுப் போவுதே நம்ம வண்டி!"

மறுநாள் அதே மேட்டடியில், அவர்கள் இறங்கித் தள்ளட்டும் என்று நைனா வேண்டுமென்றே வண்டியை நிறுத்தினார்.